மில்லிமீட்டருக்கு ஏழு துளைகள்

காளானைத் திருப்பிப் பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது. பிலோமினா இந்த வேலையில் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இந்த ஒன்றுதான். மேல்பக்கம் முழுக்க ஏமாற்று வேலை. விழுந்து கிடக்கும் கிளையில் கட்டை மாதிரிக் கெட்டியாக முளைத்திருக்கும். பழுப்பு, சாம்பல், காவி என்று வளையம் வளையமாக அழகு காட்டும். பத்து இனத்தை வரிசையாக வைத்தாலும் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. திருப்பினால்தான் அடியில் துளைகள் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிவைத்து, ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை துளை என்று எண்ண வேண்டும். இரண்டோ மூன்றோ இருந்தால் கயிற்றுக்காளான். ஏழு எட்டு இருந்தால் விசிறிக்காளான். துளை எண்ணுவதற்கெல்லாம் ஒரு உத்தியோகமா என்று அவளுடைய அம்மாவே கேட்டாயிற்று.

கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் இந்தத் துளைகளை எண்ணுவதற்காகத்தான் அவளைப் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரித் தாவரவியல் கூடத்திலிருந்து அழைத்துவந்து, பனிக்கூடு எஸ்டேட்டின் சரிவில் விட்டிருந்தார்கள்.

பனிக்கூடு என்றால் இப்போது யாருக்கும் தேயிலை ஞாபகத்துக்கு வராது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை, பொழுது விடிகிற நேரத்தில், மலையில் பாதி கழன்று கீழே இருந்த தொழிலாளர் லைன் வீடுகளின் மேல் உட்கார்ந்துவிட்டது. இருபத்தாறு பேர் போனார்கள். பதினைந்து பேரின் உடல் கிடைத்தது. பதினொரு பேர் கிடைக்கவில்லை. ஆறாம் நாளோடு தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அந்தச் சரிவில் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று உத்தரவு. மண்ணோடு உருண்டுவந்த சவுக்கு மரங்கள், யூகலிப்டஸ் மரங்கள் எல்லாம் முறிந்தது முறிந்தபடி கிடந்தன. அவற்றில் காளான் முளைத்தது. பிலோமினாவுக்கும் வேலை முளைத்தது.

சரிவைச் சுற்றிக் கட்டியிருந்த நைலான் கயிற்றுக்கு அந்தப் பக்கம், தினமும் ஒரே பாறையில் வந்து உட்காருகிறவள் இசக்கியம்மாள். தேயிலைத் தொழிற்சாலையில் காலை ஷிப்டு. வேலை முடிந்ததும் தூக்குவாளியோடு நேராக இங்கே வந்துவிடுவாள். வயது நாற்பத்துநாலுதான், பார்த்தால் அறுபது சொல்லலாம். திருப்பூருக்குப் பெயிண்ட் வேலைக்குப் போன கணவன் போனவன்தான். ஒரே மகள் தன்ஷிகா, பிளஸ் டூ. மலை விழுந்த அன்றும் இசக்கியம்மாள் நாலு மணிக்கே ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று மகளை எழுப்பவில்லை. அந்த ஒரு காரியத்தை நினைத்து நினைத்தே உடம்பு பாதியாகிவிட்டது.

பிலோமினா வந்த புதிதில், கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தே அவள் கேட்டாள். கல்லூரியிலிருந்து வந்தவள் என்பதால் பிலோமினா அவளுக்கு டீச்சர்.

"இந்தக் காளானுக்கும் எம் புள்ளைக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?"

பிலோமினா பக்கத்தில் போய் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். "மரத்துல அதுக்கு வேண்டிய சத்து பத்தாதுங்க அக்கா. அதனால கயிற்றுக்காளான் என்ன பண்ணும்னா, வெள்ளைக் கயிறு மாதிரி ஒண்ண மண்ணுக்குள்ள விட்டுத் தேடும். முப்பதடி நாப்பதடிகூடப் போகும். உள்ள யாராச்சும் இருந்தா அவங்களைப் போய்த் தொட்டுரும். தொட்டதுல ஒரு துளியை மேல கொண்டுவந்து இந்தத் துளைகளோட சுவத்துல பூட்டி வெச்சுக்கும். கோயமுத்தூர் லேப்ல அதைப் பிரிச்சுப் பாத்தா, அது யாருன்னு தெரிஞ்சுருங்க."

இசக்கியம்மாள் நெடுநேரம் அந்தக் கிளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம் புள்ளைய அது தின்னுதா?"

இதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை. "மேல கொண்டுவருதுங்க அக்கா," என்றாள் பிலோமினா.

அந்தப் பதில் இசக்கியம்மாளுக்குப் போதுமாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். தூக்குவாளியில் இருக்கிற, பால் விடாத கட்டஞ்சாயாவில் பாதி பிலோமினாவுக்கு. மழை வந்தால் ஒரே குடை. ஆனால் காளானைத் தொடக் கூடாது என்ற விதியை இசக்கியம்மாள் ஒருநாளும் மீறியதில்லை. தொட்டால் தொட்டவர் வேர்வை அதில் ஒட்டிக்கொள்ளும், பரிசோதனை கெட்டுவிடும் என்று சொன்னதிலிருந்து, காற்றில் அவள் முந்தானை பறந்து அந்தப் பக்கம் போனால்கூடப் பதறிப்போய் இழுத்துச் செருகிக்கொள்வாள்.

ஒன்றரை வருஷத்தில் பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள். கிடைத்தார்கள் என்றால் உடல் அல்ல, பெயர். இன்ன கிளையில் முளைத்த காளானுக்குள் இன்னார் என்று கோயமுத்தூரிலிருந்து சாதிக் போனில் சொல்வான். சாதிக் அங்கே மரபணுப் பகுப்பாய்வு செய்கிறவன். அவன் சொன்னதும் அந்தக் கிளையை அறுத்து வீட்டுக்காரர்களிடம் கொடுப்பார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு அந்தக் கிளைதான் உடல். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புதுத்துணி சுற்றி, பாயில் கிடத்தி ஒப்பாரி வைப்பார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. முதல் குடும்பம் செய்தது, எல்லாரும் செய்தார்கள். பதினோராவது பெயர் மட்டும் வரவில்லை. அடுத்தடுத்துப் பத்து வீட்டுச் சாவுக்கும் போய் மாரடித்துவிட்டு வந்த இசக்கியம்மாள், தன் வீட்டுக்கு ஒரு சாவு வராதா என்று காத்துக்கிடந்தாள்.

அது ஐப்பசியில் வந்தது. ஒருநாள் மழையில் சரிவின் மேற்கு மூலையில் மண் கரைந்து, செங்குத்தாகப் புதைந்திருந்த ஒரு தடித்த கிளையின் மேல்பாதி வெளியே தெரிந்தது. அதன் இடுக்கில் ஒரு காளான், உள்ளங்கை அகலம். தன்ஷிகா படுத்திருந்த வீடு இருந்த இடத்துக்கு நேர் மேலே.

பிலோமினா திருப்பிப் பார்த்தாளா என்றால், பார்த்தாள். எண்ணினாளா என்றால், இல்லை. தூறல் விடவில்லை, கண்ணாடி முழுக்க நீர். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இசக்கியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கண்களை வைத்துக்கொண்டு யாரால் துளை எண்ண முடியும்? கையுறை மாட்டி அறுத்து எடுத்து, ஒரு பாதியைக் கோயமுத்தூருக்கு அனுப்பினாள். மறுபாதியைத் தான் தங்கியிருந்த ஆய்வு முகாமில் வைத்தாள். இனத்தின் பெயரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். இதற்கு முன்னால் ஒருதடவைகூட அவள் அப்படிச் செய்ததில்லை.

நாலாம் நாள் சாதிக் கூப்பிட்டான். தன்ஷிகாதான், துளியும் சந்தேகமில்லை என்றான்.

பிலோமினா ஓடிப்போய்ச் சொன்னாள். இசக்கியம்மாள் அழவில்லை. அப்படியே பாறையில் சரிந்து உட்கார்ந்து, "வந்துட்டாளா," என்று மட்டும் கேட்டாள். பிறகு பிலோமினாவின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலமே கிளையை அறுத்துக் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் வர வேண்டும் என்பதால் அடக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

சனிக்கிழமை மத்தியானம், முகாமில் உட்கார்ந்து படிவத்தை முடிக்கலாம் என்று பிலோமினா அந்த மீதிப் பாதியை எடுத்தாள். திருப்பினாள். கண்ணாடியை வைத்தாள். துளைகள் பொடிப்பொடியாக, மாவு சலிக்கிற சல்லடை மாதிரி இருந்தன. எண்ணினாள். ஏழு. வேறு இடத்தில் வைத்து எண்ணினாள். ஏழு. அடிப்பாகத்தில் வெள்ளைக் கயிறு இருக்கிறதா என்று தேடினாள். கயிறும் இல்லை, கயிறு இருந்த தடமும் இல்லை. இது விசிறிக்காளான்.

விசிறிக்காளான் மண்ணுக்குள் போகாது. அதற்கு மண்ணே ஆகாது. எந்தக் கிளையில் முளைத்ததோ அந்தக் கிளையைத் தவிர வேறொன்றையும் அது தொடாது.

அப்படியானால் தன்ஷிகா அதற்குள் எப்படி வந்தாள்?

பெற்றவள்தான் யாருக்கும் தெரியாமல் தொட்டிருக்க வேண்டும் என்றுதான் பிலோமினாவுக்கு முதலில் பட்டது. பாவம், இத்தனை நாள் அடக்கிவைத்த கை. சாதிக்கைக் கூப்பிட்டு, தாயினுடையதைத்தான் மகளுடையது என்று எடுத்துக்கொண்டாயா என்று கேட்டாள். அவன் கோபித்துக்கொண்டான். தாயின் மாதிரியும் கையில் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிடாமலா சொல்வேன் என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன் மேடம். மத்த பத்துப் பேருதும் செத்த உடம்புல இருந்து வந்தது. இது அப்படி இல்ல. ரத்தம் இருக்கு, வேர்வை இருக்கு. எச்சில் நிறைய இருக்கு. ஒரு தடவை பட்டது இல்ல, திரும்பத் திரும்பப் பட்டு மரத்துக்குள்ள ஊறியிருக்கு. அது என்ன மரம் மேடம்?"

அறுத்த கிளையின் ஒரு சில்லு மேசையில் கிடந்தது. பிலோமினா எடுத்துப் பார்த்தாள். உள்மரம் மஞ்சள். பட்டையின் வெட்டில் பால் உறைந்த கோடு. சவுக்கு இல்லை, யூகலிப்டஸ் இல்லை. பலாவின் காட்டுச் சாதியான அயனி. யோசித்தால், விசிறிக்காளான் வேறு மரத்தில் முளைக்கவும் முளைக்காது. பலா, அயனி இரண்டில்தான் வரும். பனிக்கூட்டில் அயனி ஒன்றே ஒன்றுதான் நின்றது, லைன் வீடுகளுக்கு மேலே. மலை விழுந்தபோது அந்த மரம் விழவில்லை. வேர் பாதி வெளியே தெரிய, சாய்ந்தபடி நின்றது. அது விழுந்தது எப்போது என்று அந்த எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, காரியத்துக்காக எல்லாரும் கூடியிருந்தபோது, பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. விழுந்த வேகத்தில் கிளைகள் ஈட்டி மாதிரி மண்ணுக்குள் இறங்கின.

வியாழனிலிருந்து விரல் விட்டு எண்ணினாள். வெள்ளிக்கிழமை ஒன்பதாம் நாள்.

போனில் சாதிக் இன்னும் காத்திருந்தான். அவனிடம் சொன்னாள்.

"கூரைக்கும் மண்ணுக்கும் நடுவுல எங்கயோ ஒரு இடைவெளி இருந்திருக்கு," என்றான் அவன். "கிளை அதுக்குள்ள இறங்கியிருக்கு. மழைத் தண்ணி அது வழியா ஒழுகியிருக்கும். அதைச் சப்பியிருக்கா மேடம். அதான் எச்சில்."

"அதுக்கப்புறம் எத்தனை நாள்?"

"அதைக் காளான் சொல்லாது."

பிலோமினா அன்று முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை. பதினேழு வயசுப் பிள்ளை. இருட்டில் ஒன்பது நாள். மேலே ஆறாம் நாளோடு எல்லா யந்திரமும் நின்றுபோன பிறகு, அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு என்ன நினைத்திருப்பாள்? ஜெபம் சொல்லலாம் என்று மண்டியிட்டாள், பாதியில் எழுந்துவிட்டாள். ஆனால் இசக்கியம்மாளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தது. தாய்க்குத் தெரியாமல் அதிகாரிக்குத் தெரிவது முறையில்லை. தோண்டுவதை நிறுத்தியவர்கள் யாரோ, அவர்கள் பதில் சொல்லட்டும். இசக்கியம்மாளோடு போய் நின்று கேட்பேன் என்று அவள் ரத்தம் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு இசக்கியம்மாளின் வீட்டுக்குப் போனாள்.

பாயில் கிளை கிடந்தது. மஞ்சள் பூசி, பச்சை நிறத்தில் ஒரு புதுச் சுடிதார் சுற்றி, மல்லிகைச் சரம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். இசக்கியம்மாள் பிலோமினாவைப் பார்த்ததும் எழுந்து வந்து அடுப்படிக்கு அழைத்துப்போய் டீ போட்டாள். இரண்டு வருஷத்தில் முதல்தடவையாகத் தலை வாரிப் பின்னியிருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாளாம், சொந்தக்காரர்கள் வந்து கதவைத் தட்டித்தான் எழுப்பினார்களாம். இதைச் சொல்லும்போது தப்புச் செய்தவள் மாதிரிக் கூச்சப்பட்டாள்.

"ஒரே மூச்சுல போயிட்டாளாம் டீச்சர். மலை விழுந்தப்பவே டாக்டர் சொன்னாரு. தூக்கத்துலயே, ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாம். அது போதும் எனக்கு."

பிலோமினா வாயைத் திறந்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க."

"நான் ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல." இசக்கியம்மாள் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். "அஞ்சாம் நாளு மரியதாஸ் அண்ணன ஜேசிபி எடுத்தப்ப அவரு ரெண்டா வந்தாரு. பக்கத்துல நின்னு பாத்தவ நான். எம் புள்ளைக்கு அப்படி வரக் கூடாதுன்னு நினைச்சேன். மறுநாள் காலையில எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போயி அதிகாரி கால்ல விழுந்தேன். தோண்டாதீங்க, போன சனங்கள துண்டு துண்டா எடுக்காதீங்கன்னு. அவரு எழுதித் தரச் சொன்னாரு. எல்லாரும் தயங்கினாங்க. மொதக் கையெழுத்து நாந்தான் போட்டேன். நான் போட்டதப் பாத்துத்தான் மத்தவங்க போட்டாங்க. ரெண்டு வருசமா மனசு அறுத்துக்கிட்டே இருந்துச்சு, தப்புப் பண்ணிட்டமோ, புள்ள கிடைக்காமயே போயிருவாளோன்னு. இப்பப் பாருங்க, எம் புள்ள முழுசா வந்துட்டா."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "நீங்க என்னமோ சொல்லணும்னீங்களே," என்றாள் இசக்கியம்மாள்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா," என்றாள் பிலோமினா. "நல்லபடியா அனுப்பி வையுங்க."

முகாமுக்குத் திரும்பி, காலியாக இருந்த கட்டத்தில் கயிற்றுக்காளான் என்று எழுதினாள். துளைகள், மில்லிமீட்டருக்கு மூன்று. உயிர் பிரிந்த காலம், முதல் நாள். கையெழுத்துப் போட்டாள். சாதிக்கைக் கூப்பிட்டு, நேற்று நான் எண்ணியது தப்பு, மூன்றுதான் என்றாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. சரி மேடம் என்று வைத்துவிட்டான். தான் செய்தது நல்ல காரியம் என்றுதான் அன்று அவள் நம்பினாள். பதினொரு பெயரும் முடிந்தது, கயிற்றை அவிழ்த்தார்கள், முகாமைப் பிரித்தார்கள். அவள் பொள்ளாச்சிக்கே திரும்பிப்போனாள். மாதம் ஒருதடவை இசக்கியம்மாள் போன் செய்வாள். சாப்பிட்டேன், தூங்கினேன், மட்டம் போடாமல் வேலைக்குப் போகிறேன் என்பாள். அந்தக் குரலைக் கேட்கிறபோதெல்லாம் பிலோமினாவுக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தும், கூடவே ஒரு நிம்மதியும் வரும்.

அடுத்த ஆடியில் மஞ்சமேட்டில் மலை விழுந்தது. அறுபது கிலோமீட்டர் தள்ளி, வேறு மலை, வேறு சனங்கள். பதினான்கு பேரைக் காணவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் சாதிக் கூப்பிட்டான்.

"தோண்டுறத நிறுத்திட்டாங்க மேடம். ஆறு நாளுக்கு மேல தேட வேண்டியதில்லன்னு இப்ப விதியே போட்டுட்டாங்க. அதுக்கு என்ன ஆதாரம் காட்டுறாங்கன்னு தெரியுமா? நம்ம பனிக்கூடு அறிக்கை. பதினொரு பேரும் முதல் நாளே இறந்துட்டாங்கன்னு."

பிலோமினா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கல," என்றான் சாதிக். "இப்பக் கேக்கறேன். மறுபடியும் எண்ணிப் பாத்தீங்களா?"

அரை மணி நேரத்தில் அவள் எல்லாவற்றையும் எழுதி மாவட்ட அதிகாரிக்கு அனுப்பினாள். ஏழு துளை, அயனி மரம், ஒன்பதாம் நாள், படிவத்தில் பொய் எழுதியது தான்தான் என்பது வரை. அதிகாரி உடனே கூப்பிட்டார். உங்கள் வேலை போகும், வழக்கும் வரும், தெரிந்துதான் எழுதினீர்களா என்று கேட்டார். தெரியும் என்றாள். ஏழாம் நாள் விடியும்போது யந்திரங்கள் மறுபடியும் ஓடின.

அன்றே பனிக்கூட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயம், வேறென்ன. நாளைக்குப் போகலாம் என்று ஒருநாளைத் தள்ளினாள். அந்த ஒருநாளில் எல்லாம் நடந்துவிட்டது. எட்டாம் நாள் சாயங்காலம் மஞ்சமேட்டில் வெண்ணிலா என்ற இருபத்தாறு வயசுப் பெண்ணை உயிரோடு எடுத்தார்கள். எல்லாத் தொலைக்காட்சியிலும் அதுதான். பழைய சரிவு ஒன்றில், ஒன்பதாம் நாள் விழுந்த மரத்தின் கிளையில் கிடைத்த தடயத்தை வைத்துத்தான் தேடுதல் தொடர்ந்தது என்று செய்தி சொன்னார்கள். ஊர் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பிலோமினா போய் இறங்கியபோது, இசக்கியம்மாள் டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடவில்லை. நேற்றுக் கட்டிய சேலையே இன்னும் உடம்பில் இருந்தது.

"அந்த மரம் நம்ம அயனிதான?"

"ஆமாங்க அக்கா."

"வெள்ளிக்கிழமை அது விழுந்தப்ப நான் அங்கதான் நின்னேன். நல்லவேளை, உசிரோட இருக்கிறவங்க யாருமேலயும் விழலன்னு எல்லாரும் சொன்னோம்." பிலோமினாவின் பக்கம் திரும்பினாள். "உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

டீச்சர் போய்விட்டது, நீங்க போய்விட்டது. தெரியும் என்று பிலோமினா தலையை ஆட்டினாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அதைக் கேட்கிற தகுதியும் தனக்கு இல்லை என்று விட்டுவிட்டாள்.

இசக்கியம்மாள் திட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அங்க இன்னும் எத்தன பேரு உள்ள இருக்காங்க?"

"நாலு பேருங்க."

"தோண்டுறாங்களா?"

இதைச் சொல்லாமல் விடலாமா என்று பிலோமினா ஒரு கணம் யோசித்தாள். யோசித்ததற்கே வெட்கப்பட்டாள். "நேத்து ஒரு உடம்பு சிதைஞ்சு வந்துச்சுங்களாம். வீட்டுக்காரங்க, போதும் நிறுத்துங்கன்னு எழுதிக் கையெழுத்து வாங்கறாங்கன்னு சாதிக் சொன்னான்."

இசக்கியம்மாள் எழுந்தாள். முகம்கூடக் கழுவவில்லை. கதவைப் பூட்டினாள். மஞ்சமேட்டுக்குப் பஸ் எங்கே வரும் என்று மட்டும் கேட்டாள்.

பஸ்ஸில் பிலோமினாவுக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. இசக்கியம்மாள் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். நாலு மணி நேரத்தில் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மஞ்சமேட்டில் சரிவுக்குக் கீழே இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். நடுவில் ஒரு பெண் கையில் தாள் வைத்திருந்தாள், அவள் தம்பி உள்ளே இருக்கிறானாம். இசக்கியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவளிடம் போனாள். யார் நீங்கள் என்று யாரோ கேட்டார்கள். அவள் பெயரைச் சொல்லவில்லை.

"எம் புள்ள ஒன்பது நாளைக்கு மேல உசிரோட இருந்தா. ஆறாம் நாளு, தோண்டாதீங்கன்னு மொதக் கையெழுத்துப் போட்டவ நான்."

குரல் உயரவில்லை. ஆனால் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. தாளை வைத்திருந்த பெண் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேலே ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் ஏறினாள். காவலர் ஒருவர் தடுக்கப் போனார், அந்தப் பெண்தான் விடுங்கள் என்றாள். யந்திரத்துக்குப் பக்கத்தில் போய், ஓட்டுகிறவனைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். அவன் ஒன்றும் புரியாமல் சாவியைத் திருப்பினான். சத்தம் அடங்கியது. அவள் சேற்றில் மண்டியிட்டு, காதை மண்ணோடு வைத்தாள்.

"கொஞ்ச நேரம் நிறுத்தி வைய்யா," என்றாள். "உள்ள இருந்து கூப்பிட்டா கேக்கணும்ல."